விசுவாசம் குறைந்ததால்தான் சுகம் வரவில்லையா?

"இத்தனை நாள் ஜெபித்தும் சுகம் வரவில்லையே, என் விசுவாசத்தில்தான் குறையா?" நோயோடு போராடும் கிறிஸ்தவக் குடும்பங்களில் அடிக்கடி எழும் கேள்வி இது. பல வீடுகளில் நோயாளி கேட்பதற்கு முன்பே, பார்க்க வந்தவர் இதைத் தீர்ப்பாகவே சொல்லிவிட்டுப் போகிறார். அந்தத் தீர்ப்புக்கு வேதாகமத்தில் ஆதாரம் இருக்கிறதா என்று நிதானமாகப் பார்ப்போம். நீங்கள் வேதாகமம் படித்திருக்க வேண்டியதில்லை. கதைகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில், இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? வெறும் கற்பனையிலிருந்து அல்ல. மாற்கு எழுதிய நற்செய்தியில் (இயேசுவின் வாழ்வைச் சொல்லும் நான்கு நூல்களில் ஒன்று) ஒரு பெண் வருகிறாள். பன்னிரண்டு ஆண்டுகளாகப் பெரும்பாட்டால் (நிற்காத உதிரப்போக்கு) தவித்தவள். கையில் இருந்ததை எல்லாம் வைத்தியத்துக்குச் செலவழித்துவிட்டாள். அன்றைய யூதச் சட்டப்படி அவள் தீட்டுப்பட்டவள். ஆனாலும் பின்னால் வந்து இயேசுவின் ஆடையைத் தொடுகிறாள், குணமடைகிறாள். இயேசு அவளை மகளே என்று அழைத்து, அவளுடைய விசுவாசமே அவளைக் குணமாக்கியது என்கிறார். எரிகோவில் பார்வை பெற்ற பர்திமேயுவிடமும் இதையே சொல்கிறார். ஆக, விசுவாசத்துக்கும் சுகத்துக்கும் தொடர்பு உண்டு என்பதை வேதாகமமே சொல்கிறது.

அப்படியானால் விசுவாசம் இல்லாதவருக்குச் சுகம் இல்லை என்றுதானே ஆகிறது? இல்லை. இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். அதே மாற்கு, கப்பர்நகூம் ஊரில் நடந்த இன்னொரு சம்பவத்தைச் சொல்கிறார். நடக்க முடியாத ஒருவரை நான்கு பேர் தூக்கி வருகிறார்கள். கூட்டத்தால் வீட்டுக்குள் நுழைய முடியவில்லை. கூரையைப் பிரித்து, படுக்கையோடு அவரைக் கீழே இறக்குகிறார்கள். இயேசு பார்த்தது 'அவர்களுடைய' விசுவாசத்தை என்று மாற்கு எழுதுகிறார். படுத்திருந்தவர் அதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசியதாக இல்லை. யவீரு என்பவரின் பன்னிரண்டு வயது மகளோ இறந்தே போயிருந்தாள். விசுவாசிக்க அவளால் எப்படி முடியும்? அங்கே விசுவாசத்தைப் பற்றி இயேசு பேசியது தகப்பனிடம்.

விசுவாசமே காட்டாதவர்கள் சுகம் பெற்றதும் உண்டு. எருசலேமில் பெதஸ்தா என்ற குளத்தருகே 38 ஆண்டுகளாக நோயோடு கிடந்த ஒருவரிடம், குணமாக விருப்பமா என்று இயேசு கேட்கிறார். அவர் ஆம் என்றுகூடச் சொல்லவில்லை. தன்னைக் குளத்தில் இறக்கிவிட ஆள் இல்லை என்று குறைப்படுகிறார். எழுந்து நடந்த பிறகும், தன்னைக் குணமாக்கியவர் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. இன்னும் ஒரு படி மேலே போய், தம்மைக் கைதுசெய்ய வந்த கூட்டத்தில் காது வெட்டுப்பட்ட வேலைக்காரனை இயேசு தொட்டுக் குணமாக்கியதாக இன்னொரு நற்செய்தியை எழுதிய லூக்கா சொல்கிறார்.

விசுவாசம் நோயாளி கட்டவேண்டிய கட்டணமாக இருந்திருந்தால், இவர்களில் ஒருவரும் குணமாகியிருக்க முடியாது.

"ஆனால் நாசரேத்தில் என்ன நடந்தது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இயேசு தம் சொந்த ஊரில் பெரிதாக எதையும் செய்ய முடியவில்லை, அங்கிருந்தவர்களின் அவிசுவாசத்தைக் கண்டு வியந்தார் என்று மாற்கு சொல்கிறார். அந்த அவிசுவாசம் யாருடையது என்று கவனியுங்கள். இந்தத் தச்சனை நமக்குத் தெரியாதா என்று அவரை ஒதுக்கிய ஊராருடையது அது. அங்கேயும் சில நோயாளிகள்மேல் கைவைத்து அவர்களைக் குணமாக்கினார். அழுது வேண்டிக்கொண்டு வந்த ஒரு நோயாளியை, உனக்கு விசுவாசம் போதாது என்று இயேசு திருப்பி அனுப்பியதாக நான்கு நற்செய்திகளில் எதிலும் இல்லை.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது, வலிப்பு நோயுள்ள மகனோடு வந்த தகப்பனின் கதை. அந்தப் பிள்ளை தீயிலும் தண்ணீரிலும் விழுந்துவிடுவான். சீடர்கள் முயன்றார்கள், முடியவில்லை. தகப்பன் கதறுகிறார்: விசுவாசிக்கிறேன் என்கிறார், அதே மூச்சில் தன் அவிசுவாசத்துக்கு உதவி கேட்கிறார். பாதி நம்பிக்கை, பாதி பயம். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் எந்தப் பெற்றோரின் மனநிலையும் இதுதானே? இயேசு அவரைப் போய் விசுவாசத்தை வளர்த்துக்கொண்டு வா என்று சொல்லவில்லை. பிள்ளை குணமாகிறான். பிறகு சீடர்கள், எங்களால் ஏன் முடியவில்லை என்று கேட்கிறார்கள். மத்தேயு சொல்லும் பதில், அவர்களுடைய விசுவாசக் குறைவு என்பது. குறை சொல்லப்பட்டது குணமாக்க முயன்றவர்களை; நோயுற்ற பிள்ளையை அல்ல.

சரி, பாவத்தால்தான் நோய் வருகிறதா? பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவரைப் பார்த்துச் சீடர்கள் இதையே கேட்டார்கள்: இவர் செய்த பாவமா, பெற்றோர் செய்ததா? இரண்டும் இல்லை என்றார் இயேசு. பாவத்தையும் நோயையும் சேர்த்துப் பேசும் இடங்களும் வேதாகமத்தில் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒருவரின் நோயைப் பார்த்து அவர் பாவத்தைக் கணக்கிடும் உரிமை நமக்குத் தரப்படவில்லை. நோயில் விழுந்த யோபு என்பவரைப் பார்த்து அப்படிக் கணக்கிட்ட அவருடைய நண்பர்கள்மேல் கடவுள் கோபம்கொண்டார் என்றுதான் யோபுவின் நூலின் கடைசிப் பகுதி சொல்கிறது.

பெரிய விசுவாசிகள் எல்லாரும் சுகம் பெற்றார்களா? இல்லை. தொடக்கத் திருச்சபையின் அப்போஸ்தலரான பவுலை எடுத்துக்கொள்ளுங்கள். லீஸ்திராவில் பிறவியிலேயே கால் ஊனமான ஒருவரை எழுந்து நடக்கச் செய்தவர். மெலித்தா தீவில் காய்ச்சலும் சீதபேதியுமாகக் கிடந்தவரைக் குணமாக்கியவர். அவருடைய உடலிலேயே, 'முள்' என்று அவர் குறிப்பிடும் ஒரு துன்பம் இருந்தது. அது என்ன என்பதில் அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. மூன்று முறை வேண்டிக்கொண்டும் அது நீங்கவில்லை. துரோப்பீமு என்ற தோழரை நோயாளியாகவே மிலேத்து ஊரில் விட்டுவந்ததாகப் பவுலின் பெயரிலுள்ள ஒரு கடிதம் சொல்கிறது. இன்னொரு தோழரான தீமோத்தேயுவுக்கு அடிக்கடி உடல்நலக் குறைவு. இவர்களில் யாருக்கும் விசுவாசம் போதாது என்று ஒரு வரி இல்லை.

மருந்து சாப்பிடுவது அவிசுவாசமா? வேதாகமம் அப்படி நினைக்கவில்லை. எசேக்கியா அரசனுக்குச் சுகம் தருவதாகக் கடவுள் வாக்களித்த பிறகும், ஏசாயா தீர்க்கதரிசி கட்டியின்மேல் அத்திப்பழ அடையை வைக்கச் சொன்னார். தீமோத்தேயுவின் வயிற்றுக்குச் சொல்லப்பட்டது கொஞ்சம் திராட்சரசம். லூக்காவைப் பவுல் அன்பான வைத்தியர் என்றே குறிப்பிடுகிறார். கத்தோலிக்க வேதாகமத்தில் உள்ள சீராக் நூல், மருத்துவரை மதிக்கவேண்டும், மருந்துகளை மண்ணிலிருந்து தந்தவர் கடவுளே என்று கற்பிக்கிறது. வேலூரில் 1900-இல் ஒரே ஒரு கட்டிலோடு மருத்துவமனை தொடங்கிய ஐடா ஸ்கடரும் ஒரு கிறிஸ்தவ மிஷனரிதான். இன்றைய சிஎம்சி மருத்துவமனை அதிலிருந்து வளர்ந்தது.

இனி உங்களுக்கு நேரடியாகத் தேவையான விஷயங்கள். ஜெபக் கூட்டத்தில் சுகம் கிடைத்துவிட்டதாக உணர்கிறீர்கள். மாத்திரையை நிறுத்தலாமா? பரிசோதிக்காமல் நிறுத்தாதீர்கள். குஷ்டரோகியைக் குணமாக்கிய இயேசு, போய் ஆசாரியரிடம் (கோயில் குரு) காட்டு என்றே அனுப்பினார். அந்நாளில் தோலைச் சோதித்து, குணம்தான் என்று அறிவிக்கும் பொறுப்பு ஆசாரியருடையது. இன்று அந்த வேலையைச் செய்வது மருத்துவரும் ஆய்வகமும்.

இதில் அலட்சியம் உயிரை எடுக்கும். முதல் வகைச் சர்க்கரை நோயாளி (உடலில் இன்சுலின் சுரப்பு அநேகமாக நின்றுபோனவர்) இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. வலிப்பு மாத்திரையைத் திடீரென விட்டால், வலிப்பு நிற்காமல் தொடரலாம். காசநோய்க்கு வழக்கமாக ஆறு மாதமாவது மருந்து வேண்டும். உடம்பு தேறிவிட்டது என்று இரண்டாம் மாதத்தில் விட்டால், கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறலாம். அது வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் பரவும்.

இப்படிச் சோதிப்பது கடவுளைச் சந்தேகிப்பது ஆகாதா? பிரான்சில் உள்ள லூர்து திருத்தலத்தைப் பாருங்கள். குணமடைந்ததாகச் சொல்பவர்களைப் பரிசோதிக்க 1883 முதலே அங்கே மருத்துவ அலுவலகம் இருக்கிறது. ஆயிரக்கணக்கானோர் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். 1858-இல் தொடங்கி 2018 வரை அற்புதம் என்று திருச்சபை ஏற்றுக்கொண்டவை 70 மட்டுமே.

சுகத்துக்குக் காணிக்கை கேட்டால்? நாகமான் என்ற சீரியப் படைத்தலைவர் குஷ்டம் நீங்கியதும் வெகுமதியை நீட்டினார். எலிசா தீர்க்கதரிசி தொடவில்லை. பின்னால் ஓடிப்போய்ப் பொய் சொல்லி வெள்ளி வாங்கிய வேலைக்காரன் கேயாசிக்கு அந்தக் குஷ்டமே வந்து சேர்ந்தது. இவ்வளவு கொடுத்தால் இன்ன நோய் போகும் என்று விலை பேசுபவரிடமிருந்து விலகி வந்துவிடுங்கள். மாய சக்தியால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்க இந்தியாவில் 1954-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது.

அப்படியானால் ஜெபிக்கவே வேண்டாமா? கட்டாயம் ஜெபியுங்கள். வேதாகமத்தில் உள்ள யாக்கோபின் கடிதம், நோயாளி சபையின் மூப்பர்களை (பொறுப்பாளர்கள்) அழைக்கட்டும், அவர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்கட்டும் என்கிறது. இங்கும் விசுவாசத்தோடு ஜெபிக்கும் பொறுப்பு வந்து நிற்பவர்களுடையது. படுத்திருப்பவர் செய்யவேண்டியது அழைப்பது மட்டும்.

நீங்கள் நோயாளியைப் பார்க்கப் போகிறவரா? அவருடைய விசுவாசத்தை விசாரிக்காதீர்கள். ஜெபித்துவிட்டு, மருந்து வாங்கிவர ஆள் இருக்கிறதா, அடுத்த பரிசோதனைக்குத் துணைக்கு வரட்டுமா என்று கேளுங்கள்.