மாடியில் இருக்கும் நீதி

வன்கொடுமை வழக்கொன்றில் சாட்சி சொல்ல வந்த பெரியவருடன் நீதிமன்றம் போயிருந்தோம். தாக்குதலில் கால் முறிந்தவர், ஊன்றுகோலில் நடக்கிறார். பழைய கட்டடம். விசாரணை முதல் மாடியில். லிஃப்ட் இல்லை, சாய்தளம் வாசலோடு நின்றுவிட்டது. எங்கள் பையன்கள் நாற்காலியோடு அவரைத் தூக்கினார்கள். அடித்தவர்கள் எங்களைத் தாண்டிப் படியேறிப் போனார்கள். “அடிபட்டப்பகூட இப்படிக் கூசலப்பா” என்றார் பெரியவர்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், விதிகள் வந்த ஐந்து ஆண்டுக்குள் பொதுக் கட்டடங்களை எல்லாரும் பயன்படுத்தும்படி மாற்றச் சொன்னது. விதிகள் வந்தது 2017இல். கெடு 2022இலேயே முடிந்துவிட்டது. இதற்கான தரங்கள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு, பாதிக்கப்பட்டவரின் வயதாலும் வறுமையாலும் எழும் தேவைகளைக் கருதி அவரைக் கண்ணியமாக நடத்தச் சொல்கிறது.

வாய்தாவுக்கு முன்பே, தரைத்தளத்தில் விசாரிக்கக் கோரி மனுக் கொடுங்கள், நகலைப் பத்திரப்படுத்துங்கள். எழுத உதவி வேண்டுமென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் அங்கே இலவசச் சட்ட உதவி உண்டு.

நாங்களும் மனுக் கொடுத்திருக்கிறோம். அடுத்த வாய்தாவுக்கு யாரும் தூக்காமல், தானே நடந்து உள்ளே போக வேண்டும் என்கிறார் பெரியவர்.