டவுன் பஸ்ஸில் ஏறினால் கம்யூனிசமா?

போன மாசம் எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில், தூய்மைப் பணியாளர்களை நிரந்தரமாக்கணும்னு ரெண்டு வரி எழுதினேன். நியூஜெர்சியில் இருக்கிற மாமா உடனே கேட்டார்: "என்ன மாப்ள, கம்யூனிஸ்ட் ஆயிட்டியா?" அதோட பேச்சு முடிஞ்சது. அந்தப் பணியாளர்களுக்கு என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே நின்றுபோனது.

அமெரிக்காவில் இது பழைய வழக்கம். 1935-ல் ரூஸ்வெல்ட் முதியோர் ஓய்வூதியச் சட்டம் கொண்டுவந்தபோதே அதை சோஷலிசம் என்றார்கள். இன்று பெர்னி சாண்டர்ஸ் தன்னை ஜனநாயக சோஷலிஸ்ட் என்று சொன்னால், எதிராளிகள் கம்யூனிஸ்ட் என்கிறார்கள். ஆனா மதுரையில் வளர்ந்த மாமா இப்படிக் குழப்பிக்கக் கூடாது. வித்தியாசத்தை நம்ம ஊர் டவுன் பஸ்ஸே சொல்லித்தரும்.

2021-லிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்கள் காசில்லாமல் போகிறார்கள். இது முற்போக்கு. இருக்கிற அமைப்புக்குள்ளேயே, பின்னால் நிறுத்தப்பட்டவர்களை ஒரு படி முன்னால் கொண்டுவருவது.

அந்த பஸ் யாருடையது? 1972-ல் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வருவதற்கு முன் இங்கே டி.வி.எஸ். போன்ற தனியார் பஸ்கள் ஓடின. ஒரு தொழிலைத் தனியாரிடமிருந்து எடுத்துப் பொதுவுடைமையாக்குவது சமதர்மத்தின் வழி. அதைச் செய்ததோ கலைஞர் தலைமையிலான தி.மு.க. அரசு. கம்யூனிஸ்ட் கட்சி இல்லை.

கம்யூனிசம் இன்னும் தூரம் போகிறது. பஸ் மட்டுமல்ல, ஆலை, நிலம் என்று உற்பத்திக்கான எதுவுமே தனியார் கையில் இருக்கக் கூடாது. கடைசியில் வர்க்கமே இல்லாத சமூகம்.

அப்போ மூணுக்கும் உறவே இல்லையா? இருக்கு. 1932-ல் பெரியார் சோவியத் நாட்டைப் பார்த்துவிட்டு வந்தார். சிங்காரவேலரோடு சேர்ந்து ஈரோட்டுத் திட்டத்தை முன்வைத்தார். 1934-ல் கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டது. அரசின் கெடுபிடி கூடியதும் பெரியார் சமூகச் சீர்திருத்தமே முதல் வேலை என்று நின்றுகொண்டார். ஜீவாவுக்கு அது போதவில்லை. பிரிந்துபோய் காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சிக்கும், பிறகு கம்யூனிஸ்ட் கட்சிக்கும் போனார். ஒரே ரூட்டு பஸ்தான்; பெரியார் ஒரு ஸ்டாப்பிங்கில் இறங்கினார், ஜீவா கடைசிவரை போனார்.

இறங்கிய பிறகும் உறவு அறுந்துவிடவில்லை. 1952 தேர்தலில் பெரியார் கம்யூனிஸ்டுகளை ஆதரித்தார். மதுரை வடக்கில் பி.ராமமூர்த்தி சிறையில் இருந்தபடியே ஜெயித்தார். மூணு வருஷம் கழித்து, அவர்கள் எதிர்த்த காங்கிரசே ஆவடியில் சோஷலிச பாணி சமுதாயம்தான் இலக்கு என்று தீர்மானம் போட்டது!

ஆக, போர்டை மட்டும் பார்த்து ஏறக் கூடாது. 1975-ல் மதுரையில் பிறந்த தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கம் இடதுசாரிகள் தொடங்கியது. 2005-ல் இதே மதுரையில் விஜயகாந்த் தொடங்கிய தே.மு.தி.க.வின் பெயரிலும் 'முற்போக்கு' உண்டு. ரெண்டும் ஒண்ணா?

மாமாவின் பயத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். எல்லாவற்றையும் அரசே வைத்துக்கொண்டால், அந்த அரசைக் கேள்வி கேட்கிறவன் எங்கே போவான்? ஸ்டாலின் கால ரஷ்யாவில் போக இடமில்லை. ஆனால் அந்தப் பயத்தை எடுத்து ஒரு சம்பளக் கோரிக்கையின் தலையில் வைப்பதுதான் தப்பு. இங்கே கம்யூனிஸ்டுகளே ஓட்டுக் கேட்டு, ஜெயித்தும் தோற்றும் பழகியவர்கள்.

குரூப்பில் திரும்ப எழுதினேன்: "மாமா, பட்டம் அப்புறம் குடுங்க. அவங்களை நிரந்தரமாக்கலாமா, வேணாமா? வேணாம்னா ஏன்?"

ரெண்டு நாள் கழிச்சு பதில் வந்தது: "செலவை யாரு ஏத்துக்கிறது மாப்ள?"

நல்ல கேள்வி. இனிமேதான் பேச்சே ஆரம்பம்.