முதலில் கூரை, பிறகு ஏசி: ஒப்பந்ததாரரை அமர்த்தும் முன் கவனிக்க வேண்டியவை

பழுதடைந்த கூரையையும் பழைய ஏசியையும் ஒருசேர மாற்ற விரும்புவோர், கூரைப் பணியை முதலில் முடிப்பதே சிக்கனம். நீர்க்கசிவை அடைத்து, வெயிலை எதிரொளிக்கும் வெண்பூச்சு பூசினால் அறைக்குள் இறங்கும் வெப்பம் குறையும். அதன் பின் கணக்கிட்டால், குறைந்த டன் திறனுள்ள ஏசியே போதுமானதாக இருக்கலாம்.

வேலையின் அளவு, பொருள்களின் தரம், முடிக்கும் நாள், உத்தரவாதக் காலம் ஆகியவற்றை ஒப்பந்ததாரரிடம் எழுத்துப்பூர்வமாகப் பெற்று, தொகையைத் தவணைகளாக வழங்குவது நல்லது. கான்கிரீட் தளமாயின், நீர் தேக்கிக் கசிவில்லை என உறுதிசெய்த பின்னரே இறுதித் தவணையை அளிக்க வேண்டும்.

சேவையில் குறைபாடு இருப்பின், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் அளிக்கலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, 2 ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தை அணுகவும் வழியுண்டு. அப்போது ரசீதும் ஒப்பந்தமுமே முக்கியச் சான்றாகும்.