எலி மருந்தும் டுரியானும்: செபராங் ஜெயாவில் பல்லுயிர் காக்க நம் வீட்டிலேயே வேலை இருக்கிறது

பல்லுயிர்ப் பாதுகாப்பு என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது புலிதான். தீபகற்ப மலேசியக் காடுகளில் 150-க்கும் குறைவான மலாயாப் புலிகளே எஞ்சியுள்ளன என்ற செய்தியை வாசிக்கிறோம், ‘அடடா’ என்கிறோம், அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். செபராங் ஜெயாவில் மாடி வீட்டில் குடியிருப்பவர் பெலும் காட்டுப் புலிக்காக என்ன செய்துவிட முடியும்?

புலிக்கு அதிகம் செய்ய முடியாதுதான். ஆனால் பல்லுயிர் என்பது புலி மட்டுமல்ல. வீட்டு வாசலில் உள்ள கறிவேப்பிலைச் செடியிலும், பின்புற லோங்காங்கிலும், கூரை இடுக்கிலும், வார இறுதியில் உறவினரைப் பார்க்கப் போகும் செம்பனைத் தோட்டத்திலும் அது இருக்கிறது. அங்கு நாம் எடுக்கும் சின்ன முடிவுகள் உண்மையிலேயே உயிர்களைக் காக்கின்றன, அல்லது கொல்கின்றன.

எலிக்கு வைத்தது யாருக்குப் போகிறது?

எலித் தொல்லை இல்லாத குடியிருப்பு இல்லை. உடனே நாம் தேடுவது எலி மருந்து. கடைகளில் விற்கப்படும் பெரும்பாலான எலி மருந்துகள் இரத்தம் உறைவதைத் தடுக்கும் வகையைச் சேர்ந்தவை. அதைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாட்கள் தள்ளாடித் திரிகிறது. ஓட முடியாத அந்த எலியை ஆந்தையோ பூனையோ பாம்போ எளிதாகப் பிடித்துத் தின்கிறது. எலியின் உடலில் இருந்த நஞ்சு, தின்ற உயிரின் ஈரலில் சேர்கிறது. எலியைக் கொல்ல வந்த மருந்து, எலியைப் பிடிப்பவனையே கொல்கிறது.

தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. செம்பனைத் தோட்டங்களில் கம்பத்தின் மேல் மரப்பெட்டி வைத்துக் கூகை வளர்ப்பதை அவர்கள் பார்த்திருப்பார்கள். முகம் இதய வடிவில் வெள்ளையாக இருக்கும் ஆந்தை அது. குஞ்சுகளோடு இருக்கும் ஒரு சோடி ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளைத் தின்னும் எனக் கணக்கிடுகிறார்கள். அதனால்தான் செலவு செய்து பெட்டி வைக்கிறார்கள். பழக்குலையைக் கடித்து நாசம் செய்யும் எலியைப் பிடிக்க, சம்பளம் கேட்காத தொழிலாளி அந்தப் பறவை. ஒருபக்கம் பெட்டி, மறுபக்கம் நஞ்சு என்று இரண்டையும் ஒன்றாக வைத்தால் பெட்டி வைத்ததே வீண்.

நம்மவர்களிடம் இன்னொரு சிக்கலும் உண்டு. கூகை அலறினால் வீட்டில் சாவு விழும் என்ற நம்பிக்கை இன்னும் சில வீடுகளில் போகவில்லை. கூரையில் வந்து உட்கார்ந்தால் கல்லெறிகிறோம். மகாலட்சுமியின் வாகனம் ஆந்தை என்று வடநாட்டார் அதை வணங்குகிறார்கள் என்பதை இங்கே சொல்லி வைக்கலாம்.

குரங்கும் இப்படித்தான். பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் பேராக்கில் செம்பனைத் தோட்டங்களுக்குள் வரும் ‘பெரோக்’ குரங்குகளை ஆராய்ந்து 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். குரங்குகள் பழம் தின்னும் இழப்பு மிகச் சிறியது. ஆனால் ஒரு கூட்டம் ஆண்டுக்குச் சுமார் 3,000 எலிகளைப் பிடித்துத் தின்கிறது. விரட்ட வேண்டிய திருடன் என்று நினைத்தது, காவல்காரனாக இருந்திருக்கிறது.

வீட்டில் என்ன செய்வது? பொறி வையுங்கள். அரிசிப் பானைக்கும் குப்பைத் தொட்டிக்கும் மூடி போடுங்கள். சுவரில் குழாய் நுழையும் ஓட்டையைக் கம்பி வலை வைத்து அடையுங்கள். மருந்து வைத்தே ஆகவேண்டிய நிலை என்றால், செத்த எலியைத் தேடி எடுத்துப் புதைத்துவிடுங்கள். லோங்காங்கில் வீசாதீர்கள்.

டுரியானுக்கும் லோங்காங்குக்கும் உள்ள உறவு

பாலேக் பூலாவ் டுரியான் வந்துவிட்டது என்றால் செபராங் ஜெயா இரவுச் சந்தை வரை மணக்கும். அந்த மரத்தின் பூ இரவில்தான் மலர்கிறது. அதற்கு மகரந்தம் சேர்ப்பவை பெரும்பாலும் வௌவால்கள், அதிலும் குறிப்பாகக் குகைகளில் வாழும் தேன் குடிக்கும் சிறு வௌவால்கள். பெத்தாய் மரத்துக்கும் இவைதான் உதவுகின்றன. சம்பால் பெத்தாய் சாப்பிடும்போது யாரும் வௌவாலை நினைப்பதில்லை.

டுரியான் ஆண்டு முழுவதும் பூப்பதில்லை. மற்ற மாதங்களில் இந்த வௌவால் என்ன தின்னும்? கடலோரச் சதுப்புநிலக் காடுகளில் வளரும் பெரெம்பாங், பெரெபாட் போன்ற மரங்களின் பூந்தேனை நாடிப் போகிறது. 1970-களில் இந்நாட்டில் ஆய்வு செய்தவர்கள், பத்துமலைக் குகை வௌவால்கள் இதற்காக முப்பது கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள கடலோரம் வரை பறந்து போவதைக் கண்டறிந்தார்கள். முருகனைத் தரிசிக்க நாம் படியேறும் அதே மலையில் குடியிருந்து, சிலாங்கூர் கடற்கரையில் இரவுச் சாப்பாடு சாப்பிட்டு, வழியில் டுரியானையும் கவனித்துவிட்டு வருகின்றன. கடலோரத்தில் சதுப்புநிலம் அழிந்தால் உள்நாட்டில் டுரியான் குறையும். இந்தச் சங்கிலியை நேரில் பார்த்தால்தான் நம்ப முடியும்.

நம் பக்கத்தில் சதுப்புநிலக் காடு எங்கே இருக்கிறது? தொலைவில் இல்லை. வடக்கே பிறை ஆறு ஓடுகிறது. தெற்கே சிறிது தூரத்தில் கோலா ஜூரு. 1970-களில் பிறை தொழிற்பேட்டை வளர்ந்தபோது ஜூரு ஆறு கறுத்தது. மீனும் மட்டியும் குறைந்து, அங்கிருந்த மீனவர் குடும்பங்கள் தவித்தன. எஸ்.எம். முகமது இத்ரிஸ் தலைமையில் செயல்பட்ட பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அவர்களுக்காகக் குரல் கொடுத்தது. மக்களும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. கூட்டுறவாகச் சேர்ந்து கெராங் வளர்ப்பில் இறங்கினார்கள். மலேசியாவில் சுற்றுச்சூழலுக்காகச் சாதாரண மக்கள் போராடிய தொடக்ககால நிகழ்வுகளில் கோலா ஜூருவுக்கு இடமுண்டு. அது நடந்தது நம் வீட்டிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில்.

ஆலைக் கழிவை அதிகாரிகள் கவனிக்க வேண்டும். கண்ணில் பட்டால் புகார் செய்வது நம் பங்கு. ஆனால் வீட்டிலிருந்து போகும் கழிவுக்கு நாமே பொறுப்பு. வடை, முறுக்கு சுட்ட எண்ணெயைத் தொட்டியில் ஊற்றினால் அது குழாயை அடைக்கும், மிச்சம் லோங்காங் வழியே ஆற்றில் படலமாக மிதக்கும். ஆறவைத்துப் போத்தலில் நிரப்புங்கள். பயன்படுத்திய எண்ணெயை விலைக்கு வாங்கிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். தீபாவளி சமயத்தில் நாலு வீடு சேர்ந்து சேகரித்தால் ஒரு கலன் நிறையும்.

நெகிழி விஷயத்தில் பினாங்கு மற்ற மாநிலங்களுக்கு முன்னோடி. 2011 ஜனவரி முதல் இங்கு இலவச நெகிழிப் பை கிடையாது. குப்பையைத் தரம் பிரிக்கும் கொள்கை 2016 ஜூன் 1-இல் தொடங்கியது. சட்டம் இருக்கிறது, பழக்கம்தான் இன்னும் முழுதாக வரவில்லை. கோயில் விழாக்களில் தண்ணீர்ப் பந்தல் போடும் இளைஞர்கள் போத்தலுக்குப் பதில் பெரிய தண்ணீர்க் கலனும் கழுவிப் பயன்படுத்தும் குவளையும் வைத்தாலே மறுநாள் காலை லோங்காங்கின் தோற்றம் மாறிவிடும்.

கையில் சேறு பட்டாலும் பரவாயில்லை என்பவர்களுக்கு இன்னொரு வழியுண்டு. பிஃப்வா எனப்படும் பினாங்கு கரையோர மீனவர் நலச் சங்கம் 1990-களிலிருந்து சதுப்புநிலக் கன்றுகளை நட்டு வருகிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகுதான் பலருக்கு அந்த வேலையின் அருமை புரிந்தது. பள்ளிகளும் நிறுவனங்களும் தொண்டூழியர்களை அழைத்துக்கொண்டு போய் அவர்களோடு கன்று நடுகின்றன. நம் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் ஆண்டுச் சுற்றுலாவுக்கு இடம் தேடும்போது இதை யோசிக்கலாம்.

கறி, மருந்து, கூண்டு

தோட்டப்புறங்களில் இன்னும் நடக்கும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆஸ்துமாவுக்குப் பழந்தின்னி வௌவால் கறி, இடுப்பு வலிக்கு உடும்பு, வேறு எதற்கோ அழுங்கின் ஓடு. இவை நோயைக் குணப்படுத்தும் என்பதற்கு மருத்துவச் சான்று கிடையாது. வௌவால் கறியைத் தொடுவதில் நோய் தொற்றும் ஆபத்து வேறு. 1998-99-இல் நிப்பா கிருமி நம் நாட்டில் நூற்றுக்கு மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது; அதன் மூலம் பழந்தின்னி வௌவால்கள்தான். அவற்றை அவற்றின் மரத்தில் விட்டுவிடுவதே நமக்கும் நல்லது. 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இவற்றை உரிமமின்றி வேட்டையாடுவது குற்றம். அழுங்குக்கு உரிமம் என்ற பேச்சே இல்லை.

பாடும் பறவைக்கும் இதே சட்டம்தான். முராய் பத்து வளர்க்க உரிமம் தேவை. செபராங் ஜெயாவில் 1988-இல் திறக்கப்பட்ட பறவைப் பூங்காவே இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பறவை காட்ட நினைப்பவர்கள் அங்கு அழைத்துப் போகலாம். காட்டில் பிடித்த குஞ்சைச் சந்தையில் வாங்க வேண்டியதில்லை.

கூண்டு வேண்டாம் என்று சொல்வதால், வாங்கிய பிராணியை எங்காவது விட்டுவிடுவது சரி என்று ஆகாது. புண்ணியம் என்று நினைத்து ஆற்றில் விடும் சிவப்புக்காது ஆமையும், தொட்டிக்குப் பெரிதாகிவிட்டது என்று லோங்காங்கில் கொட்டும் ‘இக்கான் பண்டாராயா’வும் இந்த மண்ணின் உயிர்கள் அல்ல. அந்த மீன் கரையைத் துளைத்துப் பொந்து போடும், உள்ளூர் மீன்களின் இரையைத் தின்று தீர்க்கும். வளர்க்க முடியாவிட்டால் மீன் கடையில் திருப்பிக் கொடுங்கள்.

நம் காக்கைக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1890-களில் கிள்ளானில் காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்ன இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்டதே இங்குள்ள வீட்டுக் காக்கை. இன்று அது மற்ற பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் கொத்துகிறது. அமாவாசைக்கு ஒரு பிடி சோறு வைப்பதை யாரும் குறை சொல்லப் போவதில்லை. மிஞ்சிய குழம்புச் சோற்றைப் பையோடு வாசலில் வைப்பதுதான் காக்கைக் கூட்டத்தைப் பெருக்குகிறது.

கறிவேப்பிலையில் புழு

வீட்டில் ஒரே ஒரு கறிவேப்பிலைத் தொட்டி இருந்தாலும் போதும். பறவை எச்சம் போல ஒரு புழு இலையில் ஒட்டியிருக்கும், சில நாளில் பச்சையாக மாறும். தொட்டால் தலையிலிருந்து கொம்பு நீட்டி ஒரு நாற்றம் விடும். அது அழகான ஒரு பட்டாம்பூச்சியின் பிள்ளை. மருந்து தெளித்துவிடாதீர்கள். தெளித்தால் அந்த நஞ்சு ரசத்திலும்தான் சேரும். நாலைந்து புழு இருந்தால் ஒரு கிளையை அவற்றுக்கு விட்டுக்கொடுங்கள். இரண்டு வாரத்தில் தின்று முடித்துக் கூட்டுப்புழுவாகிவிடும். செடி மீண்டும் துளிர்க்கும். பிள்ளைகள் பட்டாம்பூச்சி வெளிவருவதைப் பார்த்துவிட்டால் கைப்பேசியைக் கொஞ்ச நேரம் மறப்பார்கள். பக்கத்தில் இட்லிப்பூவும் செம்பருத்தியும் வைத்தால் தேன்சிட்டும் வரும்.

கடைசியாக, பாம்பு. புற்றுக்குப் பால் ஊற்றும் நாமே, லோங்காங்கில் மலைப்பாம்பைக் கண்டதும் கட்டையைத் தூக்குகிறோம். அது அங்கு வந்தது எலியைத் தேடித்தான். 999-ஐ அழையுங்கள், பொது தற்காப்புப் படையினரோ தீயணைப்புப் படையினரோ வந்து பிடித்துச் செல்வார்கள். அவர்கள் வரும்வரை பிள்ளைகளையும் நாயையும் வீட்டுக்குள் வைத்துவிட்டு, பாம்பு எந்தப் பக்கம் போகிறது என்பதைத் தூரத்திலிருந்து ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். படம் எடுக்கக் கிட்டே போக வேண்டாம்.