வயிற்றுக்கு நல்லது செய்யும் 'சாப்பிடுற பிலிம்': கிருமி உயிரோட இருந்தாத்தான் பலன்!

தயிரில் இருக்கும் நல்ல கிருமி வயிற்றுக்கு நல்லதுன்னு எல்லோருக்கும் தெரியும். அதே மாதிரி நல்ல கிருமியை கண்ணாடி பேப்பர் போன்ற மெல்லிய பிலிமுக்குள் உயிரோட அடைத்து, பழத்திலும் ரொட்டியிலும் ஒட்டிக்கொடுக்க விஞ்ஞானிகள் முயற்சி செய்து வருகிறார்கள். இந்த பிலிமை உரித்து எறிய வேண்டாம். அப்படியே சாப்பிட்டு விடலாம்.

எப்படி தயாரிக்கிறாங்க?

நம்ம வீட்டில் கூழ் வத்தல் போடுற மாதிரிதான். கூழை துணியில் ஊற்றி காயவைத்தால் தகடாக உரிந்து வரும் அல்லவா? இங்கே கூழுக்கு பதில் ஜெலட்டின் அல்லது கடல்பாசியில் இருந்து எடுக்கும் ஆல்ஜினேட். கேப்சூல் மாத்திரையின் கூடு செய்வதும் இந்த ஜெலட்டினில்தான். உடையாமல் வளைய கிளிசரின் சேர்க்கிறார்கள். கரைசல் ஆறிய பிறகு கிருமியை கலந்து, இளஞ்சூட்டில் காயவைக்கிறார்கள். கொதிக்க கொதிக்க சேர்த்தால் கிருமி செத்துடும்.

கிருமிக்கும் சாப்பாடு

நல்ல கிருமிக்கு பெயர் புரோபயாட்டிக். அது தின்று வளரும் நார்ச்சத்துக்கு பெயர் பிரீபயாட்டிக். வெங்காயம், பூண்டில் இது இருக்கு. இரண்டையும் ஒரே பிலிமில் சேர்த்து இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் சோதித்தனர். 2014-ல் முடிவு வெளியானது. நார் சேர்த்த பிலிமில் கிருமி கூடுதல் நாள் தாக்குப்பிடித்தது. ஆனால் கோதுமையில் இருந்து எடுத்த ஒருவகை நாரை சேர்த்தபோது, காயவைக்கும்போதே நிறைய கிருமி செத்துப்போனது. எந்த நாரை சேர்க்கிறோம் என்பதும் முக்கியம்.

பப்பாளியில் 10 நாள்

2007-ல் வெளியான இன்னொரு ஆய்வில், வெட்டிய ஆப்பிள், பப்பாளி துண்டுகள் மீது இதேபோல பூச்சு பூசி குளிர்ச்சியில் வைத்தனர். 10 நாள் கழித்தும் 1 கிராமுக்கு 10 லட்சத்துக்கு மேல் கிருமி உயிரோடு இருந்தது.

ஏமாறாதீங்க!

உயிரோடு, போதுமான அளவில் உள்ளே போய் உடம்புக்கு நன்மை செய்தால்தான் அது புரோபயாட்டிக். உலக சுகாதார அமைப்பும், ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் 2001-ல் கூட்டிய நிபுணர் குழு சொன்ன விளக்கம் இது. அதனால் 'புரோபயாட்டிக்' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதை மட்டும் பார்த்து காசு கொடுக்காதீங்க. எந்த கிருமி, எத்தனை கோடி, காலாவதி தேதி என்ன, பிரிட்ஜில் வைக்கணுமா என்று அட்டையில் பாருங்க.

இது நோய்க்கு மருந்தும் அல்ல. வயிற்றுப்போக்கு என்றால் முதலில் ஓ.ஆர்.எஸ். கரைசல்தான். எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் டாக்டரை கேட்காமல் புரோபயாட்டிக் சாப்பிடக்கூடாது.

வீட்டுத் தயிருக்கும் இதே கணக்குதான். கொதிக்கிற குழம்பில் ஊற்றினால் கிருமி மிஞ்சாது. ஆறின சோற்றில் பிசைந்து, சின்ன வெங்காயத்தை கடித்துக்கொள்ளுங்கள். கிருமியும் போகும், அதுக்கு சாப்பாடும் போகும்!