கம்மாய் வற்றினாலும் கிளம்பாத மீன்கொத்தி

பெயரிலேயே மீன் இருக்கிறது. ஆனால், அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் வழியில், பங்குனி வெயிலில் மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் மீன்கொத்தியைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தண்ணீரே இருக்காது. கீழே அறுவடை முடிந்து வெடித்துக் கிடக்கும் கரிசல் காடு. கொஞ்சம் தள்ளிச் சீமைக்கருவேலம். தலையைச் சாய்த்து அது உற்றுப் பார்ப்பது, காய்ந்த சோளத்தட்டைக்கு நடுவே தத்தும் ஒரு வெட்டுக்கிளியை!

மதுரை - தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் விரைகிறவர்களுக்கு இந்தப் பக்கம் ஒரு வறண்ட பூமி, அவ்வளவுதான். பறவைப் படம் எடுக்கக் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்களும் வேடந்தாங்கலுக்கோ மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளுக்கோதான் போவார்கள். ஆனால், மீன்கொத்தியை நிதானமாகப் பார்க்கவும் படம் பிடிக்கவும் இந்த மானாவாரி மண் நல்ல தோதான இடம். மரங்கள் அடர்ந்த ஆற்றங்கரையில் நீல மின்னலாக வந்து மறையும் பறவை, இங்கே மறைந்துகொள்ள வழியில்லாமல் மடைத்தூணிலும் மின்கம்பியிலும் பட்டப்பகலில் உட்கார்ந்திருக்கும். தண்ணீர் எங்கே, எந்த மாதம் வரை நிற்கும் என்று தெரிந்துவைத்திருந்தால், பறவை எங்கே இருக்கும் என்பதையும் சொல்லிவிடலாம்.

மூன்று மீன்கொத்திகள்

இந்த வட்டாரத்தில் சாதாரணமாகக் கண்ணில் படுபவை மூன்று வகை. கம்பியில் உட்கார்ந்து வெட்டுக்கிளி பார்க்கிறதே, அது வெண்மார்பு மீன்கொத்தி. சாக்லேட் நிறத் தலை, சட்டைக்குள் பனியன் போட்டதுபோல வெள்ளைத் தொண்டையும் மார்பும், பவளச் சிவப்பில் தடித்த அலகு, முதுகு முழுக்க நீலம். அலகு முதல் வால் நுனி வரை சுமார் 28 சென்டிமீட்டர். பறக்கும்போது இறக்கையில் ஒரு வெள்ளைத் திட்டு பளிச்சென்று விரியும். அதன் குரல்தான் கொஞ்சம் அடாவடி. யாரோ எகத்தாளமாகச் சிரித்துக்கொண்டே போவதுபோல இருக்கும். 1758-ல் லின்னேயஸ் இதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது துருக்கியின் ஸ்மிர்னா துறைமுகத்தின் பெயரைச் சேர்த்துவிட்டார். அந்த ஊர் இன்று இஸ்மிர். திருச்சுழிக் கம்பியில் இருக்கும் பறவைக்கும் அதே துருக்கிப் பெயர்தான்.

இதன் சாப்பாட்டுப் பட்டியல் பெரியது. வெட்டுக்கிளி, ஓணான், அரணை, தவளை, நண்டு, சில சமயம் சுண்டெலி. மீன் கிடைத்தால் அதுவும் சரி. அதனால்தான் கம்மாய் வற்றினாலும் இது ஊரைவிட்டுக் கிளம்புவதில்லை.

இரண்டாவது, கருப்பு வெள்ளை மீன்கொத்தி. உடம்பில் வேறு நிறமே கிடையாது. மார்பில் இரண்டு கருப்புப் பட்டை இருந்தால் ஆண். ஒன்றே ஒன்று, அதுவும் நடுவில் விட்டுப்போயிருந்தால் பெண். தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் இறக்கையை அடித்துக்கொண்டு நிற்பது இதன் தனி வித்தை. அப்படி நிற்கக்கூடிய பறவைகளில் பெரியவற்றுள் இதுவும் ஒன்று. சின்ன மீனாக இருந்தால் கரைக்குக்கூட வராது; பறந்தபடியே விழுங்கிவிட்டு அடுத்ததைத் தேடும். இதற்கு மீன்தான் பிரதானம். ஆகவே தண்ணீர் போனால் இதுவும் போய்விடும்.

மூன்றாவது, சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரிய சிறிய நீல மீன்கொத்தி. சங்கப் பாடல்களில் 'சிரல்' என்று வருவது மீன்கொத்திதான். வயிறு செம்மஞ்சள், முதுகில் பளபளக்கும் நீலம். எடை முப்பது, நாற்பது கிராம்தான். ஆணின் அலகு கருப்பு. பெண்ணுக்குக் கீழ் அலகு மட்டும் சிவந்திருக்கும். உதட்டுச்சாயம் பூசியதுபோல என்று ஞாபகம் வைத்துக்கொண்டால் மறக்காது.

மார்கழியில் கண்மாய்க் கரை

இங்கே ஐப்பசி, கார்த்திகை மழைதான் எல்லாம். வடகிழக்குப் பருவமழை வரத்துக்கால்களில் ஓடிக் கண்மாயில் சேரும். ஊர் வழக்கில் கம்மாய். திருச்சுழியை ஒட்டிப் போகும் குண்டாறும் மழைக்குத்தான் ஓடும். ஓடி முடித்த பிறகு மணலுக்கு நடுவே அங்கங்கே குட்டைகள் மிஞ்சும். ரமண மகரிஷி 1879-ல் பிறந்த ஊர் என்று திருச்சுழிக்கு வருகிறவர்கள் கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அப்படியே ஆற்றுப்பக்கம் ஒரு நடை நடந்தால், குட்டை ஓரத்தில் சாய்ந்த நாணல் தண்டில் சிரல் இருக்க வாய்ப்புண்டு.

படம் எடுக்க மார்கழியும் தையும் நல்ல மாதங்கள். தண்ணீர் தெளிந்திருக்கும், மீன் வளர்ந்திருக்கும், காலை வெளிச்சம் மிருதுவாக இருக்கும். இந்தப் பகுதியில் நிலம் கிழக்கும் தென்கிழக்குமாகச் சரிவதால், பெரும்பாலான கண்மாய்களின் கரை அந்தப் பக்கத்திலேயே இருக்கும். தண்ணீரைத் தேக்க நம் முன்னோர் போட்ட கரை, புகைப்படக்காரருக்கும் வசதியாக அமைந்துவிட்டது. காலையில் கரையில் உட்கார்ந்தால் சூரியன் முதுகுக்குப் பின்னால். அந்த மாதங்களில் வாடைக்காற்றும் வடகிழக்கிலிருந்து, அதாவது முதுகுப் பக்கத்திலிருந்தே வரும். கருப்பு வெள்ளை மீன்கொத்தி அந்தரத்தில் நிற்கும்போது காற்றை எதிர்த்துத்தான் முகம் வைக்கும். ஆக, பறவையின் முகம் கேமராவைப் பார்த்திருக்கும், அதில் வெயிலும் விழும். சாயங்காலம் இதே கரைக்கு வந்தால் எல்லாம் தலைகீழ். கருப்பு நிழலுருவம்தான் மிஞ்சும்.

கண்மாய்க்குள் நிற்கும் மடைத்தூண்களைக் கவனிக்க வேண்டும். அந்தக் கல்தூணின் தலையில் வெள்ளை எச்சம் வழிந்திருந்தால் அது யாரோ தினமும் வந்து உட்காரும் இடம் என்று அர்த்தம். மீன்கொத்தி பழக்கத்துக்கு அடிமை. ஒரே தூண், ஒரே கிளை, ஒரே நேரம். பறவையைத் துரத்திக்கொண்டு கரை நெடுக ஓடுவதைவிட, அந்தத் தூணுக்கு எதிரே மண்நிறச் சட்டையோடு ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்வது மேல். சாலையோரக் கம்பியில் இருக்கும் பறவைக்கு நிறுத்திய காரே நல்ல மறைவிடம். கதவைத் திறந்து இறங்கினால் பறந்துவிடும். கண்ணாடியை இறக்கி எடுத்தால் பேசாமல் இருக்கும்.

உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 400 முதல் 600 மில்லிமீட்டர் வரையான லென்ஸ் வசதி. பாயும் பறவைக்கு ஷட்டர் வேகம் நொடியில் 2,000-ல் ஒரு பங்குக்குக் கீழே போகக் கூடாது. வெண்மார்பு மீன்கொத்திக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. வெயில் ஏறியதும் அந்த வெள்ளை மார்பு படத்தில் சுண்ணாம்பு அடித்த சுவராகிவிடும், ஒரு இறகுகூடத் தெரியாது. எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைத்துவைக்க வேண்டும். அல்லது எட்டரை மணிக்கெல்லாம் மூட்டையைக் கட்டிவிட வேண்டும்.

அந்த நீலம் சாயம் இல்லை

ஒரே பறவை காலையில் ஒரு நீலமாகவும், நிழலில் மங்கலாகவும், வெயில் பட்டால் பச்சை கலந்த நீலமாகவும் தெரிவதைப் பார்த்துப் பலர் கேமராவைச் சந்தேகப்படுவார்கள். கேமரா பாவம். சிரலின் முதுகில் நீலச் சாயம் என்று எதுவுமே கிடையாது. இறகின் உள்ளே கடற்பஞ்சு போன்ற மிக நுண்ணிய துளைகள் இருக்கின்றன; வெளிச்சம் அவற்றில் பட்டுச் சிதறும்போது நீலம் மட்டும் நம் கண்ணுக்குத் திரும்பி வருகிறது. வயிற்றின் செம்மஞ்சள் மட்டும்தான் உண்மையான நிறமி.

இந்த நீலத்துக்காகவே செத்த மீன்கொத்திகள் ஏராளம். சீனாவில் பல நூற்றாண்டுகளாக மீன்கொத்தி இறகை வெள்ளித் தகட்டில் ஒட்டி நகையும் கிரீடமும் செய்தார்கள். ஐரோப்பாவில் சீமாட்டிகளின் தொப்பியில் இறகு செருகும் மோகம் வந்தபோது, இந்தியாவிலிருந்து பறவைத் தோல்கள் கப்பல் ஏறின. 1902-ல் பறவைத் தோல், இறகு ஏற்றுமதிக்கு ஆங்கில அரசு தடை போட்ட பிறகே அது அடங்கத் தொடங்கியது.

நிறமே இல்லாமலும் பறவையைக் காட்ட முடியும் என்பதற்கு நம் திருநெல்வேலிக்காரர் ஒருவரே சாட்சி. 1912-ல் பிறந்த மா. கிருஷ்ணன், வண்ணப்படங்கள் வந்த பிறகும் கருப்பு வெள்ளையிலேயே காட்டுயிர்களைப் படம் எடுத்தார். 1950 முதல் 1996-ல் மறையும் வரை 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதினார். தமிழிலும் எழுதினார். எந்தப் பறவை எப்படி நடந்துகொள்ளும் என்பதே அவருக்கு முக்கியம். கருப்பு வெள்ளை மீன்கொத்தியை அவர் வழியில் எடுத்துப் பார்த்தால் நட்டமொன்றும் இல்லை!

ஏழு லட்சம் கிளிக்

மீன்கொத்தி நீரைத் தொடும் நொடி எல்லோருக்கும் ஆசை. ஸ்காட்லாந்தின் ஆலன் மெக்ஃபேடியன், சிரல் தன் நிழலை நேருக்கு நேர் தொடுவதுபோலத் தண்ணீரில் பாயும் ஒரே ஒரு படத்துக்காக ஆறு வருடம், 4,200 மணி நேரம், 7,20,000 கிளிக் செலவழித்தார். 2015-ல் அந்தப் படம் உலகம் சுற்றியது. வேலைவெட்டி உள்ளவர்களுக்கு இது கட்டுப்படியாகாது.

அதைவிட நிறைய கதை சொல்லும் நொடிகள் கரையிலேயே நடக்கின்றன. செம்புத் தண்ணீரில் போட்ட காசு மேலே எழும்பித் தெரிவதுபோல, மீன் தெரியும் இடம் வேறு, இருக்கும் இடம் வேறு. அந்தக் கணக்கை மனதில் போட்டபடி பறவை தலையை மேலும் கீழும் ஆட்டும். பாய்ந்து, மீனோடு அதே தூணுக்குத் திரும்பி, கல்லில் அடிஅடியென்று அடிக்கும். பிறகு தலை முதலில் உள்ளே போகும்படி மீனைத் திருப்பும். செதிலும் முள்ளும் தொண்டையில் சிக்காமல் இருக்கத்தான். மீனின் தலை வெளிப்பக்கம் பார்த்திருந்தால் மட்டும் நிமிர்ந்து உட்காருங்கள். அந்த மீன் அதற்கில்லை. பெட்டைக்கோ குஞ்சுக்கோ கொண்டுபோகிறது. பக்கத்தில் எங்கோ ஒரு வளை இருக்கிறது.

கிணற்றுச் சுவரில் ஒரு வீடு

மீன்கொத்தி மரத்தில் கூடு கட்டாது. செங்குத்தான மண்சுவரில் அலகால் மோதி மோதி மண்ணை உதிர்த்து, காலால் தள்ளி, நீளமான வளை தோண்டி, கடைசியில் ஒரு அறை அமைத்து வெள்ளை முட்டைகள் இடும். ஆற்றங்கரைகள் குறைந்த இந்த ஊர்ப்பக்கம் அதற்குக் கிடைத்த சுவர்கள் ஓடைச்சரிவும், மண் அள்ளிய பள்ளமும், வெட்டிய பிறகு கல் கட்டாமல் விட்ட பழைய கமலைக் கிணறும்தான். இறவைக்குப் பயன்படாத கிணறு என்று நாம் தள்ளிவைத்தது வெண்மார்பு மீன்கொத்திக்குத் தலைமுறை வீடு.

அந்த வீடுதான் இப்போது குறைகிறது. ஆழ்துளைக் கிணறு வந்த பிறகு, தூர்ந்த கிணறு இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதாகத் தோன்றுகிறது. ஆடு, பிள்ளைகள் விழுந்துவிடும் என்ற பயமும் நியாயமானதே. இரண்டு டிராக்டர் நாளில் மூடிவிடலாம். வண்டல் அள்ளும் பொக்லைன் கண்மாய்க்குள் இறங்குவதும் கோடையில்தான், வளையில் குஞ்சு இருப்பதும் அந்தக் காலத்தில்தான். கிணற்றை மூடியே ஆக வேண்டும் என்றால் மழைக்காலம் தொடங்கும்போது, வளைக்குள் போக்குவரத்து இல்லை என்று பார்த்துவிட்டு மூடலாம். வண்டல் அள்ளும்போதும் வளை இருக்கும் சுவரை மட்டும் விட்டுவைப்பதால் லோடு ஒன்றும் குறைந்துவிடாது.

கேமராக்காரர்களும் இதில் சுத்தமில்லை. வளைக்கு எதிரே போய் உட்காருவது, படத்தில் குறுக்கே வருகிறது என்று புல்லை வெட்டுவது, குரலைப் பதிவுசெய்து ஒலிபெருக்கியில் போட்டு இழுப்பது, பேசினில் மீன் விட்டு ஆசை காட்டுவது எல்லாம் நடக்கின்றன. ஆள் எதிரே இருக்கிற வரை தாய்ப்பறவை மீனை வாயில் வைத்துக்கொண்டே சுற்றும். உள்ளே குஞ்சு பட்டினி. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாக்கப்பட்ட பறவையின் கூட்டையும் முட்டையையும் தொந்தரவு செய்வதை வேட்டை என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. துப்பாக்கி வேண்டியதில்லை.

கிழக்கே முதுகுளத்தூர்ப் பக்கம், இதேபோல மழையை நம்பியிருக்கும் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்கள் 2022-ல் ராம்சர் பட்டியலில் ஏறின. அருப்புக்கோட்டை, திருச்சுழி கண்மாய்களுக்கு அப்படிப் பலகை எதுவும் இல்லை. பங்குனியில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் கண்மாய் அழியும். ஊரே கச்சாவும் வலையுமாக இறங்கி மீன் பிடிக்கும். கொக்கும் நாரையும் கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளும். அதற்குச் சில நாளில் கருப்பு வெள்ளை மீன்கொத்தி காணாமல் போகும், சிரலும் மிச்சமிருக்கும் குட்டையைத் தேடிப் போய்விடும், கேமராக்களும் ஊருக்குத் திரும்பிவிடும்.

சித்திரை வெயிலில் வந்து பார்க்கிறவர்கள் குறைவு. வந்தால், பம்புசெட் கொட்டகைக்கு மேலே கம்பியில் வெண்மார்பு மீன்கொத்தி தனியாக இருக்கும், வாயில் ஒரு ஓணானோடு. அதைக் கம்பியில் அடித்துப் பதப்படுத்தி விழுங்கச் சில நிமிடம் எடுத்துக்கொள்ளும். எக்ஸ்போஷரைச் சரிசெய்துகொள்ள அந்த நேரம் தாராளம்.