பழி வாங்கப் போனவன் பாடம் படித்தான்!

அது ஒரு சிற்றூர். பெயர் ஸ்காலிட்ஸ். வெள்ளிச் சுரங்கம் உள்ள ஊர். அங்கே மார்ட்டின் என்ற கொல்லர் இருந்தார். அவருடைய மகன் ஹென்றி.

ஒரு நாள் தந்தை மகனுக்குச் சில வேலைகளைச் சொன்னார். உலைக்குக் கரி வாங்க வேண்டும். கடன் வாங்கியவனிடம் பணத்தை வசூலிக்க வேண்டும். ஊர்ப் பிரபுவுக்காகத் தந்தை ஒரு வாள் செய்துகொண்டிருந்தார். அதற்கு வேண்டிய சாமானைக் கோட்டையிலிருந்து வாங்கி வர வேண்டும்.

ஹென்றி எல்லாவற்றையும் முடித்தான். வாளும் தயாராயிற்று.

அப்போது தூரத்தில் ஒரு பெரும் படை தெரிந்தது!

சிறிது நேரத்தில் ஊர் பற்றி எரிந்தது. தாயும் தந்தையும் ஹென்றியின் கண் எதிரே வெட்டுண்டு இறந்தார்கள். அவன் ஒரு குதிரையில் ஏறித் தப்பினான். அன்று அவன் நெஞ்சில் நின்றது ஒரே எண்ணம்.

பழிக்குப் பழி!

திரையில் நடக்கும் கதை

இது சினிமாக் கதை அல்ல. நாடகமும் அல்ல. கம்ப்யூட்டர் திரையில் ஆடும் வீடியோ விளையாட்டின் கதை. அதன் பெயர் 'கிங்டம் கம்: டெலிவரன்ஸ்'. செக் நாட்டின் தலைநகரான பிராக் நகரில் உள்ள வார்ஹார்ஸ் என்ற நிறுவனம் அதைத் தயாரித்தது. 2018-ம் ஆண்டு பிப்ரவரி 13-ந் தேதி அது வெளிவந்தது. இரண்டே வாரத்தில் 10 லட்சம் பிரதிகள் விற்றன.

சினிமாவில் கதாநாயகன் செய்வதை நாம் உட்கார்ந்து பார்க்கிறோம். இந்த விளையாட்டில் ஆடுகிறவர்தான் ஹென்றி. நடப்பதும், பேசுவதும், வாள் வீசுவதும் அவருடைய விரல்களின் வேலை.

பழைய காலத்துக் கதைகளைச் சொல்லும் வீடியோ விளையாட்டுகள் பல உண்டு. அவற்றில் மந்திரவாதிகள் வருவார்கள். நெருப்பைக் கக்கும் பறக்கும் நாகங்கள் வரும். இதில் அப்படி ஒன்றும் கிடையாது. ஹென்றிக்குப் பசிக்கும். தூக்கம் வரும். குளிக்காமல் திரிந்தால் மக்கள் முகம் சுளிப்பார்கள். உடையில் ரத்தக் கறை இருந்தால் பயப்படுவார்கள்.

இடங்களும் உண்மையானவை. பிராக் நகருக்குத் தென்கிழக்கே சாசவா என்ற ஆறு ஓடுகிறது. அந்தப் பக்கத்தில் உள்ள ஊர்களையும், கோட்டைகளையும், ஒரு பழைய மடத்தையும் ஆராய்ந்து திரையில் கட்டியிருக்கிறார்கள்.

அண்ணனைச் சிறை வைத்த தம்பி

ஊரை எரித்த படை யாருடையது? அதற்குப் பதில் சரித்திரத்தில் இருக்கிறது.

அந்த நாடு அப்போது பொஹீமியா எனப்பட்டது. நான்காம் சார்லஸ் என்ற பேரரசர் அதை ஆண்டார். அவர் 1378-ம் ஆண்டு காலமானார். மூத்த மகன் வென்செஸ்லாஸ் பட்டத்துக்கு வந்தார். அவருக்கு ராஜ்ய காரியத்தைவிட வேட்டையிலும் மதுவிலும்தான் நாட்டம் அதிகம் என்று பேர். பிரபுக்கள் அவரை வெறுத்தார்கள்.

அவருக்கு ஒரு தம்பி. இளைய தாரத்தின் மகன். பெயர் சிகிஸ்மண்ட். அவர் ஹங்கேரி நாட்டின் அரசர். 1402-ம் ஆண்டில் சிகிஸ்மண்ட் சொந்த அண்ணனையே பிடித்துச் சிறை வைத்தார். படையோடு வந்து, வெள்ளிச் சுரங்கங்கள் நிறைந்த குட்னா ஹோரா நகரைச் சூறையாடினார்.

விளையாட்டின் கதை 1403-ம் ஆண்டில் தொடங்குகிறது. ஹென்றி என்ற கொல்லன் மகன் கற்பனை. அவன் மேல் விழுந்த இடி, அந்தக் காலத்து ஏழை ஜனங்கள் மேல் விழுந்த இடிதான். அரண்மனையில் அண்ணன் தம்பிச் சண்டை. எரிந்ததோ குடியானவன் கூரை!

முதல் அடி அவனுக்கே

தப்பிய ஹென்றி பக்கத்துக் கோட்டையில் அடைக்கலம் புகுந்தான். ஆனால் பெற்றோரின் உடல்கள் வெட்டவெளியில் கிடக்கின்றனவே! மகனுக்கு மனம் கேட்குமா? வெளியே போகக் கூடாது என்ற உத்தரவை மீறி அவன் ஊருக்குத் திரும்பினான்.

அங்கே கொள்ளையர் கும்பல் ஒன்று அவனைச் சூழ்ந்துகொண்டது. அதன் தலைவன் ரன்ட் என்ற முரடன். அவன் ஹென்றியை அடித்துப் போட்டான். தந்தை கடைசியாகச் செய்த வாளையும் பறித்துக்கொண்டு போனான்.

குற்றுயிராகக் கிடந்த ஹென்றியைக் காப்பாற்றியவள் ஒரு பெண். அதே ஊர் மாவு மில்காரரின் மகள் தெரசா. அவளும் அந்தத் தீயில் தன் குடும்பத்தைப் பறிகொடுத்தவள்தான்.

இங்கேதான் இந்த விளையாட்டு மற்றவற்றிலிருந்து வேறுபடுகிறது. ஆத்திரம் ஹென்றிக்குக் கொள்ளை கொள்ளையாக இருக்கிறது. ஆனால் வாள் பிடிக்கத் தெரியவில்லை. ஆடுகிறவர் கோபத்தில் எதிரி மேல் பாய்ந்தால், தோற்றுப் போகிறார். ஊரில் கடன் வசூலிக்கப் போன இடத்தில், ஒரு குடிகாரனிடமே பலர் உதை வாங்கியிருக்கிறார்கள்!

ஆகவே ஹென்றி பயிற்சி பெற வேண்டும். ராட்ஸிக் பிரபுவிடம் வேலைக்குச் சேர்கிறான். பெர்னார்ட் என்ற படைத் தலைவர் அவனுக்கு வாள் வீசக் கற்றுக் கொடுக்கிறார். அடி வாங்கி அடி வாங்கித்தான் கை தேறுகிறது.

எழுத்துத் தெரியாத வீரன்

ஹென்றிக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் அச்சு யந்திரம் வரவில்லை. புத்தகங்களைக் கையால்தான் எழுதினார்கள். ஒரு புத்தகத்தின் விலை சாதாரண மனிதனுக்கு எட்டாது. பாதிரிமாரும், கணக்கு எழுதுவோரும், சில பிரபுக்களும்தான் படிப்பார்கள்.

இதை அந்த விளையாட்டு அருமையாகக் காட்டுகிறது. ஹென்றி ஒரு புத்தகத்தைத் திறந்தால், ஆடுகிறவருக்கும் அது புரியாது! எழுத்துகள் இடம் மாறிக் குழம்பிக் கிடக்கும். பட்டப் படிப்புப் படித்தவரும் அந்தப் பக்கத்தின் முன்னால் விழிக்க வேண்டியதுதான்.

உசிட்ஸ் என்ற ஊரில் ஓர் எழுத்தர் இருக்கிறார். ஹென்றி அவரிடம் போய்க் காசு கொடுத்துப் பாடம் கேட்கிறான். பிறகு ஒவ்வொரு புத்தகமாகப் பழகுகிறான். முதலில் ஒரு சொல் நேராகிறது. பிறகு ஒரு வரி நேராகிறது. குழம்பிய எழுத்துகள் குறைந்துகொண்டே வருகின்றன. ஒரு நாள் முழுப் பக்கமும் தெளிவாகத் தெரிகிறது!

வளர்ந்த பிறகு எழுத்துக் கற்றவர்களுக்கு இந்த இன்பம் தெரியும். நேற்றுவரை வெறும் கோடாக இருந்தது, இன்று ஊரின் பெயராகத் தெரியும். பஸ்ஸின் பலகையும் கடிதத்தின் மேல் விலாசமும் திடீரென்று பேசத் தொடங்கும். ஹென்றிக்கும் அப்படித்தான். மருந்து காய்ச்சும் முறை அவனுக்குப் புத்தகத்திலிருந்து கிடைக்கிறது. பிறர் படித்துச் சொல்லும்வரை அவன் காத்திருக்க வேண்டியதில்லை.

எத்தனை பேரைக் கொல்ல வேண்டும்?

பழி வாங்கும் கதை என்றால் பிணங்கள் குவிய வேண்டும் என்று நினைப்போம். இதில் அப்படி இல்லை.

ரன்ட் என்ற முரடனை ஹென்றி கடைசியில் தேடிப் பிடிக்கிறான். இருவரும் மோதுகிறார்கள். ரன்ட் சாகிறான். அந்த ஒருவனைத் தவிர வேறு யாரையும் கொல்லாமலே முதன்மைக் கதையை முடிக்க முடியும். அப்படி முடிப்பவருக்கு விளையாட்டு ஒரு விருதும் தருகிறது. அதன் பெயர் 'இரக்கமுள்ளவன்'. சண்டையில்லாத இடங்களில் பேசித் தீர்க்கலாம். பதுங்கிப் போகலாம். ஓடித் தப்பலாம். ஆனால் அது கடினமான வழி. வெட்டுவது சுலபம், விடுவதுதான் கஷ்டம் என்பதை ஆடுகிறவரின் கை அறிந்துகொள்கிறது.

ரன்ட் இறந்தும் ஹென்றிக்கு மன நிறைவு இல்லை. வாள் அங்கே இல்லை! அது வேறொரு சதிகாரனின் கைக்குப் போய்விட்டது. அந்தச் சதிகாரன்தான் ஹென்றியிடம் ஒரு ரகசியத்தைப் போட்டு உடைக்கிறான். ஹென்றியைப் பெற்ற தந்தை கொல்லர் மார்ட்டின் அல்ல. ராட்ஸிக் பிரபுவே!

பிறகு அவன் ராட்ஸிக்கைப் பிணையாகப் பிடித்து வைக்கிறான். பிணையாளிகள் உயிரோடு வேண்டுமானால் அவனைப் போக விட வேண்டும். போக விடுகிறார்கள். அவன் வாளோடு போய்விடுகிறான். முதல் பாகம் அத்துடன் முடிகிறது. கதை 2025-ம் ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்த இரண்டாம் பாகத்தில் தொடர்கிறது.

கொடுங்கோலன் என்ன ஆனான்?

சரி, படை அனுப்பிய சிகிஸ்மண்ட் என்ன ஆனார்?

சிறையில் இருந்த அண்ணன் 1403-ம் ஆண்டு இறுதியில் தப்பினார். 1419-ல் அவர் இறந்தபின் சிகிஸ்மண்ட் பொஹீமியாவின் மகுடத்தைக் கேட்டார். மக்கள் எதிர்த்து எழுந்தார்கள். 1420-ல் பிராக் நகருக்கு வெளியே விட்கோவ் குன்றில் நடந்த சண்டையில் அவர் படை தோற்றது. அங்கே பெண்களும் நின்று போராடினார்கள். ஆயினும் 1433-ல் அவர் பேரரசராக முடி சூடினார். 1436-ல் பொஹீமியாவும் அவரை ஏற்றது. மறு வருஷம் அவர் இறந்தார்.

எந்தக் கொல்லன் மகனின் வாளும் அவரைத் தீண்டவில்லை.

அப்படியானால் ஹென்றி வீணாகவா அலைந்தான்? கணக்குப் பார்க்கலாம். பெற்றோரை இழந்தான். வளர்த்தவரின் வாளை இழந்தான். ஆனால் பழி வாங்கப் போன வழியில் பொறுமை கற்றான். கொல்லாமல் விடக் கற்றான். படிக்கக் கற்றான்.

வாளை ஒருவன் பிடுங்கிக்கொண்டு போனான். கற்ற எழுத்தை யார் பிடுங்க முடியும்?